மூன்றாம் சிலிண்டரில் ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை என் ஜன்னலுக்குக் கீழேயிருந்து வந்தது. எதிர்ப் பட்டறையில் ஒரு பழைய லாரி 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு நின்றது. எழுத உட்கார்ந்த நான் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் லாரியை அல்ல, தன் தனிமையை ஓட்டினாள்.' ஆகா, என்ன அழகு! (ஆனாலும் இதில் ஏதோ தட்டுகிறது. நினைவில் வையுங்கள்.)

2

லாரியை ஓட்டுகிறவள் அண்ணி. பட்டறை நடத்துகிறவள் அவளுடைய நாத்தனார். இஞ்சினுக்குள் பேரிங் போயிருந்தால் வண்டியை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று அண்ணியின் கணவன் சொல்லிவிட்டான். அந்த ஸ்டியரிங்கின் பின்னால் மட்டும்தான் அவளை யாரும் "எங்கே போறே?" என்று கேட்டதில்லை.

"எப்போ இருந்து அண்ணி இந்தச் சத்தம்?"

"ரேடியோ கெட்டுப்போனதுல இருந்து."

நாத்தனார் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "அதுக்கு முன்னாடி?"

"பாட்டைக் கூட்டி வச்சுக்குவேன்."

"அட என் அண்ணியே! சத்தம்னு தெரிஞ்சேவா?"

"என்ன சத்தம்னு தெரிஞ்சுடுமோன்னுதான்."

(இங்கே 'அவள் கண்களில் நீர்' என்று எழுதத் தொடங்கி... இல்லை, பொய். அவள் சிரித்தாள். நாத்தனார் டயரில் சாய்ந்துகொண்டு அவளைவிடப் பலமாகச் சிரித்தாள்.)

3

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் சிலிண்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி முடுக்கினாள். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் அடங்கியது. கோளாறு மூன்றாம் சிலிண்டரில்தான். ஆனால் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரா, அடியிலிருக்கும் பேரிங்கா?

"மூணாவது இன்ஜெக்டரை ஒண்ணாவதுல மாத்தி மாட்டுறேன். சத்தமும் கூடவே போச்சுன்னா இன்ஜெக்டர், சின்ன வேலை. அங்கேயே நின்னுச்சுன்னா..."

"சொல்லாதே."

"சரி, பாட்டு வேணா பாடவா?"

"நீ பாடினா லாரி தானா எடைக்குப் போயிடும்."

4

அவள் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது நானும் மாற்றிப் பார்த்தேன். என் அழகான வாக்கியத்தைக் கதையின் நடுவில் வைத்தேன், நடு தட்டியது. கடைசிக்கு நகர்த்தினேன், கடைசி தட்டியது. அப்படியென்றால் கதைக்கு ஒன்றுமில்லை. கழற்ற வேண்டியது இதை மட்டும்தான். [அவள் லாரியை அல்ல, தன்... கழற்றியாகிவிட்டது.]

சாவி திரும்பியது. டொக் டொக். நாத்தனார் ஒன்றாவது நட்டைத் தளர்த்தினாள். சத்தம் நின்றது.

"சத்தம் வீடு மாறிடுச்சு அண்ணி! இன்ஜெக்டர்தான்!"

அண்ணி லாரியின் முகப்பில் கன்னத்தை வைத்தாள். சூடு பட்டு அலறினாள். அலறிக்கொண்டே சிரித்தாள்.

5

புது இன்ஜெக்டர் மாட்டியாகிவிட்டது. கிளம்பும்போது நாத்தனார் கேட்டாள்: "அந்த ரேடியோவையும் பாத்துடவா?"

ஒரு முடிவில் அண்ணி, "பாரேன்" என்கிறாள். இன்னொன்றில், "வேணாம், கொஞ்ச நாள் வண்டியைக் கேட்டுக்கிட்டே போறேன்" என்கிறாள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டுமே தட்டவில்லை. மாட்டிப் பாருங்கள். காது உங்களுடையது.