தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிள்ளை அழுதான்; கண்ணீர் வரவில்லை. காலையில் அழுதபோதாவது கன்னம் நனைந்தது. உச்சிப் பொழுதுக்குள் முகத்தைச் சுளிப்பதும் வாயைத் திறப்பதும் மட்டுமே மிச்சம். முந்தாநாள் தொடங்கிய பேதி. கட்டிவிட்ட துணியெல்லாம் தீர்ந்து, ஞானமேரி தன் பழைய சேலையைக் கிழித்து அவனுக்கு அடியில் போட்டிருந்தாள். உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. அதன்மேல் நாத்தனார் சலோமி விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்திருந்தாள். தேய்த்து முடித்ததும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு சொட்டு உள்ள போனாலும் அப்படியே கீழ வந்துடும். வயிறு காயணும். பாலும் குடுக்காத. நீயும் தண்ணி குடிக்காத, அது பாலாத்தான் ஊறும்" என்றாள்.

தருமபுரத்தை ஒட்டிய அந்தத் தெருவில் சோற்றுக்குப் பஞ்சம் உண்டு, வைத்தியத்துக்குக் கிடையாது. பங்குனி வெயில் ஏறிக் குளத்துத் தண்ணீர் கலங்கினால் வீட்டுக்கு ஒரு பேதி. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல் முளைக்கிறது என்றாள் ஒருத்தி. கண் பட்டுவிட்டது என்றாள் இன்னொருத்தி. தீட்டுக்காரி நிழல் விழுந்திருக்கும், தாய்ப்பால் சூடாக இருக்கும் என்றும் சொன்னார்கள். காரணத்தில் எத்தனை சண்டை இருந்தாலும், தண்ணீர் கூடாது என்பதில் தெருவே ஒரே கட்சி. இதே ஒற்றுமையோடுதான் ஞானமேரியின் மூத்தவன் செல்வநாதனையும் அடுத்தவள் அமலராணியையும் அனுப்பிவைத்தார்கள். செல்வநாதனைக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆஸ்பத்திரி என்ற பேச்சே ஆகாது.

அமலராணியின் கடைசி நாளை ஞானமேரியால் மறக்க முடியவில்லை. குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்து பிள்ளையை மடியில் எடுத்தாள். அது தலையைத் திருப்பி முந்தானை நுனியைக் கவ்விச் சப்பியது. சப்பச் சப்பக் கண் திறந்தது. அம்மாவைப் பார்த்தது. சலோமி வந்து நுனியைப் பிடுங்கினாள். ஞானமேரியும் விட்டுக்கொடுத்தாள். இந்த நினைப்பு வந்தால் அவளுக்கு யார் மேல் என்றில்லாமல் ஆத்திரம் வரும், தன் மேலும்தான்.

இவன் பிறந்தபோது எல்லா ஏற்பாடும் சலோமி செய்ததுதான். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். சாவு வந்து கேட்டால், இது இவள் பிள்ளை இல்லையென்று திரும்பிப் போய்விடுமாம். எதிர் வரிசையில் நெல் அவித்துப் பிழைக்கிற காசியம்மாவைக் கூப்பிட்டார்கள். ஐந்து பெற்று ஐந்தும் உயிரோடு இருப்பவள். முறம் நிறையத் தவிடு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "இனிமே இவன் உம் புள்ள இல்ல. வாயால சொல்லு" என்றாள் சலோமி. பெற்ற களைப்புக்கூடத் தீராத உடம்பு. ஞானமேரிக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னாள். "எம் புள்ளய நல்லா வளத்துக் குடும்மா" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள் காசியம்மா. தவிட்டை ஆடு தின்றது. கோயிலில் சாமியார் பிலோமின்ராஜ் என்று பெயர் வைத்தார். தெரு அவனைத் தவிட்டான் என்று கூப்பிட்டது.

கணவன் யாகப்பன் கொத்தனாருக்குக் கையாள். சாப்பிட வந்தவன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"கொஞ்சமா தண்ணி குடுத்துப் பாக்கலாங்க" என்றாள் ஞானமேரி.

அவன் அக்காவைப் பார்த்தான். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் சலோமி. "அக்கா சொல்றாங்கல்ல. உனக்கு என்ன தெரியும்?" என்றான்.

என்ன தெரியும்? ஈரத் துணியைச் சப்பிய பிள்ளை கண் திறந்தது தெரியும். பெற்றவளுக்கு அது போதாதா? ஞானமேரி எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சு என்ன, இவன் எம் புள்ளயே இல்லையே. உங்க புள்ளயும் இல்ல, அண்ணி புள்ளயும் இல்ல. வாங்குனவங்க வீட்டுல போயி விடுறேன்."

சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள். பின்னால் சலோமி கூப்பிட்ட குரல் தெருமுனை வரை கேட்டது. அவள் திரும்பவில்லை.

காசியம்மா அவித்த நெல்லை வீட்டை ஒட்டிய களத்தில் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். ஞானமேரி நேரே போய் முன்னால் நின்றாள். "அக்கா, உங்க புள்ளைக்குத் தாகமா இருக்கு."

விஷயத்தைக் கேட்டதும் காசியம்மாவின் முகம் மாறியது. "என்னா இது வம்பு. சாங்கியத்துக்கு வாங்குனதுக்கு இப்படி வந்து நிக்கிறியே. எங்க வீட்டுல உப்புப் போட்ட வடிகஞ்சி குடுப்போம், அது எங்களோட. இவனுக்குக் குடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா தெருவே என்னைத்தான் காறித் துப்பும்."

"உங்களுக்குச் சாங்கியம். எனக்கு அப்படி இல்லக்கா. எம் புள்ள இல்லன்னு எம் வாயால சொல்லியிருக்கேன். அது பொய்யின்னா தெருவுல நின்னு சொல்லுங்க, தூக்கிட்டுப் போயிடுறேன். நெசமுன்னா கஞ்சியக் குடுங்க."

அதற்குள் சலோமி வந்துவிட்டாள். அவள் பின்னால் யாகப்பன், அவன் பின்னால் பாதித் தெரு. காசியம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பயந்தவள்தான். ஆனால் பத்துப் பேர் கூடி நின்று முறைத்தால் அவளுக்குப் பயம் போய் வீம்பு வந்துவிடும்.

"சலோமி, நீதான என்னைக் கூப்புட்டு வித்த?"

"வித்தா என்ன?"

"வித்த மாட்டுக்கு யாராச்சும் வந்து தீனி சொல்லுவாங்களா? தள்ளி நில்லு."

வடிகஞ்சியில் உப்பைப் போட்டு, வெந்நீர் கலந்து ஆற்றி, பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையில் எடுத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தாள். பிள்ளை முதல் வாயை விழுங்கினான். அடுத்ததையும் விழுங்கினான். பிறகு மொத்தத்தையும் அவள் மேலேயே கக்கினான். கூட்டத்தில் ஒரு முனகல். "நான் சொன்னேன்ல" என்றாள் சலோமி. காசியம்மா பாலாடையைக் கீழே வைத்தாள்.

"குடுங்கக்கா. கக்குனா கக்கட்டும். மெதுவாக் குடுங்க" என்றாள் ஞானமேரி. பாலாடையை எடுத்துத் திரும்பவும் அவள் கையில் கொடுத்தாள்.

சொட்டுச் சொட்டாகப் போனது. கக்கினான், மறுபடி குடித்தான். வேடிக்கை பார்த்தவர்கள் கால் வலித்துக் கலைந்தார்கள். யாகப்பனும் சலோமியும் மட்டும் போகவில்லை. ஒரு பாலாடையை எடுக்கும்போது பிள்ளை கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தான். சலோமி அதைப் பார்த்தாள். களத்து ஓரத்தில் அப்படியே குந்திவிட்டாள்.

"தண்ணி குடுக்கலாம்னா" என்றாள், யாரையும் பார்க்காமல். "அப்ப எம் புள்ளைங்க?"

சலோமியும் இரண்டு பறிகொடுத்தவள். தண்ணீர் கூடாதென்று சொல்லிப் பானைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தவர்கள் வேறு யாரோ. ஞானமேரிக்கு இரக்கமாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டு அழக்கூடத் தோன்றியது. ஆனால் அவளுடைய மனசு ஆறுவதற்காக இவனையும் கொடுக்க முடியாது. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

வெயில் சாயும்போது காசியம்மா "அடப்பாவி" என்று மடியைப் பார்த்தாள். சேலையில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. பேதி இல்லை, மூத்திரம். விடிந்ததிலிருந்து வராதது. காசியம்மா எழவில்லை, சேலையை உதறவும் இல்லை. ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஞானமேரி எழுந்தாள். "இன்னும் பேதி நிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். காசியம்மாக்கா தூக்கிட்டு வராங்க. நீங்க வரீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

யாகப்பன் வழக்கம்போல் அக்காவைப் பார்த்தான். அக்கா நிமிரவில்லை.

ஞானமேரி களத்துப் பானையைத் திறந்து சொம்பில் தண்ணீர் மொண்டாள். தெருவைப் பார்க்க நின்று, அண்ணாந்து குடித்தாள். மோவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, ரவிக்கையெல்லாம் நனைந்தது. அவள் நிறுத்தவில்லை. சொம்பு காலியானதும் மறுபடி பானைக்குள் விட்டாள்.