மொந்தெல்லோவுக்குக் கத்தரிக்காய்

சிசிலியின் பலெர்மோ நகரில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. சிலர் உடுப்பு வாங்கப் போவார்கள், சிலர் விட்ட நித்திரையைப் பிடிப்பார்கள். றோசமலர் வியா மக்வேதாத் தெருவில் இருக்கும் ரெலிபோன் கடைக்குப் போய், பாரிசில் இருக்கும் பெரியம்மா மகள் இராசாத்தியோடு கதைப்பாள். ஓகஸ்ட் முதல் வாரத்து வியாழன் அப்படிப் போன இடத்தில்தான், தன் ஒரே தம்பி சீலன் செத்துப்போனதைக் கேட்டாள்.

ஊரில், மடுக் கோயிலடி அகதி முகாமில் மலேரியாக் காய்ச்சல். மருந்து வருமுன் ஆள் போய்விட்டான். அடக்கமும் முடிந்துவிட்டது. இராசாத்தி அங்கே குழறிக் குழறிச் சொன்னாள். இவள் இங்கே கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே காத்து நின்ற ஒருத்தி கதவைத் தட்டியபோது, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டவும் செய்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல நெஞ்சு விறைத்துக் கிடந்தது.

வாயில் வந்தது வேறொன்று.

“அக்கா, வீட்டிலை இவருக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. பதினைஞ்சாம் திகதி முடியட்டும். நாங்கள் கடலுக்குப் போறம்.”

“என்னடி இது, நீயும்...” என்று தொடங்கிய இராசாத்தி அதோடு நிறுத்தி மூக்கைச் சிந்தினாள். “சரி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

தம்பி செத்த செய்தி காதில் விழுந்த கையோடு கடற்கரைப் பேச்சு எடுக்கிறாளே, இவளும் ஒரு மனுசியா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவள் பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பலெர்மோத் தமிழருக்கு ஓகஸ்ட் பதினைந்து மடு மாதா திருநாள். இத்தாலிக்காரருக்கு அன்று ஃபெராகோஸ்தோ என்ற கோடை விடுமுறை. ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். ஆகவே வேலை இல்லாத அந்த ஒரு நாளில் எங்கள் ஆட்களும் மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போவதென்று வருடம்தோறும் திட்டம் போடுவார்கள். போடுவார்களே தவிர, போனதில்லை. போன வருடம் எல்லாம் ஆயத்தமாகி இருக்கையில் ஜோக்கிமின் தகப்பன் ஊரில் இறந்த செய்தி வந்தது. அதற்கு முதல் வருடம் ரதியின் தமக்கை. ஒரு வீட்டில் சாவென்றால் அந்த வீட்டு அறைக்குள் ஊரே வந்து இருக்கும். அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள்; மற்றவர்கள்தான் மரக்கறிச் சோறு கொண்டு போவார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, கொண்டாட்டம் இல்லை. ஒரு வீட்டில் செத்தவீடு நடக்க மற்ற வீட்டார் கடலில் துள்ளி விளையாடுவார்களா?

இதில் அடிபட்டது தர்சனா. றோசமலரின் ஒரே மகள், பத்து வயது. வகுப்பில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கோடை முழுக்க மொந்தெல்லோவில் கிடந்து கறுப்பார்கள். “நீ ஏற்கெனவே கறுத்துப்போய் வந்தனி எண்டு சிரிக்கினம்” என்று ஒருநாள் வந்து சொன்னாள். அதற்காகச் சந்தையில் ஒரு நீச்சல் உடுப்பு வாங்கிக் கொடுத்தார்கள். வளர்கிற பிள்ளை என்று றோசமலர் இரண்டு அளவு கூட்டித்தான் வாங்கினாள். அது வாங்கி இரண்டு வருடம். இந்த வருடம் அளவு சரி. அடுத்த வருடம் தோளுக்கு ஏறாது.

ஆகவே றோசமலர் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள். சீலனை அடக்கம் செய்தாயிற்று. அவள் பதினைந்தாம் திகதிவரை அழாமல் இருந்தால் ஒருவருக்கும் ஒரு குறையும் வராது. அழுகைதான் வரவே இல்லையே. அது ஒரு வசதியாகவே போயிற்று என்று நினைத்தாள். நினைத்த பிறகு தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் தான் வேலை செய்யும் சின்யோராவின் வீட்டில் யன்னல்களைத் துடைத்தாள். அன்று பின்னேரம் கால்சாப் பகுதியில் இருக்கும் தங்கள் அறைக்கு வந்து உடுப்புத் தோய்த்தாள். சீலனுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியதை நினைத்துப் பார்த்தாள். யாரோ சொன்ன கதை போல இருந்தது. சனிக்கிழமை சந்தேகம் வரக்கூடாதென்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். தனக்குப் பல்லுக் கொதி என்று பருப்போடு நிறுத்திக்கொண்டாள். அழுகை வராவிட்டாலும் கை மட்டும் மீன்சட்டிப் பக்கம் போக மறுத்தது.

புருஷன் விமலராஜ் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். மீனென்றால் முள்ளையும் விடாதவன். அன்று அவனும் மீன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“வயித்துக்குள்ளை ஒரு மாதிரிக் கிடக்கு. பருப்பை விடு.”

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவனும் கேட்பான். தர்சனா இரண்டு துண்டு தின்றாள். மிச்சத்தைக் கீழ்வீட்டுப் பூனை தின்றது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கடற்கரைக் கூட்டம் நடந்தது. ஜோக்கிம்தான் தலைவர். அவரை யாரும் தெரிவு செய்யவில்லை. குரல் பெரிது, அவ்வளவுதான். திட்டமெல்லாம் யூலை மாதமே போட்டு முடிந்தது. திருநாள் பூசை முதல்நாள் பின்னேரம். மொந்தெல்லோவில் நல்ல மணல் எல்லாம் காசு கட்டுகிற குடைகளுக்குப் போய்விடும். சும்மா இருக்கக்கூடிய துண்டு மணலைப் பிடிக்க ஜோக்கிமும் இரண்டு பொடியளும் விடியமுன் போய்ப் படுக்கை விரிப்புகளை விரித்துவைப்பது, மற்றவர்கள் முதல் பஸ்ஸில் வருவது. ரதி கோழிப் பிரட்டல், ஜோக்கிமின் மனைவி இறைச்சி றோல்ஸ், றோசமலர் மீன் கட்லட். பலெர்மோவில் அவளுடைய கட்லட்டுக்கு ஒரு பெயர் உண்டு.

அன்று ஜோக்கிம் திட்டத்தை மறுபடி சொன்னபோது குரல் வழக்கம்போல ஏறவில்லை. “இந்த முறை என்ன வந்தாலும் போறம். மழை பெய்தாலும் போறம்” என்றார். ஓகஸ்ட் மாதத்துச் சிசிலியில் எந்த மழை? ஒருவரும் சிரிக்கவில்லை. ஆச்சரியம், ஒருவர்கூட எதிர்த்தும் கதைக்கவில்லை. நாலு தமிழர் கூடிய இடத்தில் ஒரு திட்டம் இப்படித் தடையில்லாமல் ஓடியதை அந்த மண்டபம் அன்றுதான் கண்டிருக்கும்.

கூட்டம் முடிந்து வெளியே வர ரதி அவளுடைய கையைப் பிடித்தாள்.

“றோசக்கா, நீங்கள் ஒண்டும் சமைக்க வேண்டாம். நாங்கள் பாக்கிறம்.”

“ஏன், கட்லட் நான்தானே?”

“வேண்டாமக்கா. வெய்யிலுக்கு அது பழுதாப்போம்.”

படி இறங்குகையில் ஜோக்கிமின் மனைவியும் அதையே சொன்னாள். வாசலில் வேறொருத்தி, “அக்கா, நீங்கள் அடுப்படிக்குப் போகாதேங்கோ, சும்மா வாங்கோ” என்றாள். றோசமலருக்கு முகம் சுட்டது. என்ரை கட்லட்டுக்கு என்ன வந்தது, போன நத்தாருக்கு அடிபட்டுத் தின்றவர்கள்தானே இவர்கள்? வியாழனுக்குப் பிறகு அவளுக்குள் எழும்பிய முதல் உணர்ச்சி அந்தக் கோபம்தான். தம்பிக்கு வராதது கட்லட்டுக்கு வருகிறதே என்று கொஞ்சம் பயந்தும் போனாள். வீட்டுக்கு வருமுன் அதுவும் அடங்கிவிட்டது.

அந்தக் கிழமை எப்படிப் போனதென்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோற்றைப் பார்க்கவே நேரம் போதாது. விமலராஜ் தன்னை அடிக்கடி பார்ப்பது போலிருந்தது. கண்டுபிடித்துவிட்டானோ என்று அவள் பாட்டுக்கூடப் படித்துப் பார்த்தாள். அவன் எழும்பி வெளியே போய்விட்டான்.

பதினைந்தாம் திகதி வந்தது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்துப் போனார்கள். மொந்தெல்லோ அவள் நினைத்ததைவிட வெள்ளையாக இருந்தது. மணல் மாப் போல. தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கரையோடு கிடந்தது, அலையே இல்லை. சிசிலிக்காரக் குடும்பங்கள் வத்தகப்பழத்தைக் குளிரட்டுமென்று ஈரமணலில் புதைத்துவிட்டு, தட்டுத் தட்டாய்ப் பாஸ்தாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் குடைக்குக் கீழ் ஒரு கிழவியின் ரேடியோ அலறியது.

அழகுதான். அழகென்று தெரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

“போ பிள்ளை, இறங்கு” என்றாள் தர்சனாவிடம். மகள் சட்டைக்குக் கீழே நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். சட்டையைக் கழற்றாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

“நோன் மி வா.”

“மனமில்லையோ? ரெண்டு வருசமா அந்த உடுப்பைக் காட்டிக் காட்டி என்ரை உயிரை எடுத்தாய். இப்ப மனமில்லையோ?”

“பிறகு போறன் அம்மா.”

எதற்காக அவள் ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அது மணலில் குந்திக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. ஓங்கி ஒன்று போடலாமா என்றிருந்தது. அதற்கிடையில் ஜோக்கிம், “முதல்லை சாப்பிடுவம்” என்று சத்தம் போட்டார்.

ரதி தன் சட்டியைத் திறந்தாள். கோழி இல்லை, கத்தரிக்காய்ப் பால்கறி. ஜோக்கிமின் மனைவி தன் பாத்திரத்தைத் திறந்தாள். கத்தரிக்காய்ப் பொரியல். மூன்றாவது சட்டியிலும் கத்தரிக்காய். நாலாவதில் பருப்பு. ஐந்தாவதில் மறுபடியும் கத்தரிக்காய். ஓகஸ்டில் சந்தையில் அதுதானே மலிவு. திறந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப இறைச்சி ஆர் கொண்டந்தது?” என்றார் ஜோக்கிம்.

“நீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்” என்றாள் ரதி.

“நான் றோல்ஸ் சுடேல்லை. நீங்கள் எல்லாரும் கொண்டருவியள்தானே, நான் ஒருத்தி மரக்கறி கொண்டந்தாத் தெரியாதெண்டு...”

ஜோக்கிமின் மனைவி பாதியில் நிறுத்திவிட்டாள். நாற்பது பேர் வந்த கடற்கரையில் ஒரு கோழித்துண்டு கிடையாது.

றோசமலர் சட்டிகளைப் பார்த்தாள். தன்னை அடுப்படிக்குப் போகவேண்டாம் என்று சொன்ன பெண்களைப் பார்த்தாள். பூசணிக்காயை மறைத்தது அவள் மட்டும் இல்லை. கடைசியாக விமலராஜைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிண்டினான்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“போன கிழமை, புதன். இராசாத்தி மச்சாள் கடைக்கு எடுத்தவ.” அவன் நிமிரவில்லை. “இண்டைக்கு ஒரு நாள் மனுசி கடலைப் பாக்கட்டும், பின்னேரம் சொல்லுவம் எண்டு நினைச்சன். அவவிட்டைச் சொல்லாதேங்கோ எண்டு நான்தான் கெஞ்சினனான்.”

“அவவாலை அடக்க ஏலேல்லை. எனக்கு வியாழக்கிழமையே தெரியும்” என்றாள் றோசமலர்.

விமலராஜ் வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு ரதி முழங்காலில் தவழ்ந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள்.

“தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னா நடிக்கலாமக்கா. செத்தவீட்டுக்காரிக்கு இறைச்சி குடுத்த பாவத்தை ஆர் சுமக்கிறது?”

அதோடு அணை உடைந்தது. ஒவ்வொருத்தியாக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆண்கள் எழும்பிப்போய் ஒரு பக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஃபெராகோஸ்தோ அன்று, வத்தகப்பழங்களுக்கும் பந்துகளுக்கும் நடுவில், மொந்தெல்லோ மணலில் சீலனுக்குச் செத்தவீடு நடந்தது. செத்தவீட்டுக்காரிதான் அழவில்லை. அணைத்தவர்களின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, அவர்களுடைய தோளுக்கு மேலால் கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

பக்கத்துக் குடைக் கிழவி எழும்பி வந்து, யார் செத்தது என்று இத்தாலியனில் கேட்டாள். பெரியவர்கள் சொல்லைத் தேடுமுன் தர்சனா சொல்லிவிட்டாள்.

“மியோ சியோ.” என்னுடைய மாமா.

கிழவி தன் நெஞ்சில் சிலுவை போட்டாள். போய் ரேடியோவை நிற்பாட்டினாள்.

றோசமலர் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் குரலில் ஒரு திடுக்கிடல் இல்லை.

“உனக்கு எப்ப தெரியும்?”

“ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஜோக்கிம் அங்கிளோடை கதைக்கேக்கை நான் பின்னாலை நிண்டனான். அம்மாக்குத் தெரியாது எண்டு அப்பா அழுதவர். அதாலை நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அம்மா, எனக்குக் கடலுக்கை விளையாட ஏலாமல் கிடந்தது.”

ஆறு நாள். பத்து வயதுப் பிள்ளை, ஆறு நாளாகத் தனியே இதைச் சுமந்துகொண்டு அவளுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்கிறது. றோசமலருக்கு நெஞ்சுக்குள் ஏதோ நொந்தது. ஊசி விட்டுப்போகையில் கன்னம் நோகத் தொடங்குவது போல.

“அம்மா, செத்தவீடெண்டாக் குளிக்கக்கூடாதுதானே?”

றோசமலர் எழும்பினாள். சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

“செத்தவீட்டுக்குப் போனாக் குளிக்கத்தான் வேணும் பிள்ளை. சட்டையைக் கழட்டு.”

தர்சனா கழற்றினாள். நீச்சல் உடுப்பு சரி அளவு. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மகள் அந்த உடுப்போடு, தாய் போட்ட சட்டையோடு. தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஆழமானது. இடுப்பளவுக்கு வர வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அங்கே றோசமலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுக அமிழ்ந்தாள். மேலே வந்தபோது வாய் உப்பாக இருந்தது.

“சீலன்” என்றாள். வியாழனுக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லக் குரல் வரவில்லை. தர்சனா அவளுடைய இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அங்கேயே நின்று அழுதாள்.