வாஷ்பேசினில் கொட்டிய தண்ணீர்

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. உப்பு ஜாடியில் உப்புதான் இருக்கிறதா என்று நக்கிப் பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போடுவேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நர்ஸிங் கல்லூரியில் மாணவிகள் எனக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நோயாளியின் மொழியும் பழக்கவழக்கமும் அறிந்து நடப்பது எப்படி என்பதுதான் நான் எடுக்கும் பாடம். அதில் அடித்துச் சொல்லும் விதி ஒன்று உண்டு: சொந்தக்காரரை மொழிபெயர்க்க விடாதே. நடுவில் நின்று கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள்.

அந்த விதிக்கென்றே அளவெடுத்துச் செய்தவள் மாதிரி வந்து சேர்ந்தாள் ஒரு நாத்தனார். மாணவிகளை நான் பயிற்சிக்கு அழைத்துப்போகும் எலும்பு வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவளுடைய அண்ணி. தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சிறுநீரகம் ஏற்கெனவே சுமார்தான், அதனால் நிறையத் தண்ணீர் குடித்தாக வேண்டும். அண்ணிக்கு எங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. நாத்தனார் சரளமாகப் பேசினாள். அதுதான் என்னை உறுத்தியது. அண்ணி இரண்டு நிமிடம் பேசுவாள். இவள் வலி கம்மியாம் என்று முடித்துவிடுவாள். மீதி எங்கே போயிற்று?

கட்டிலில் தொங்கிய அட்டையில், காலையில் மட்டும் ஆறு டம்ளர் தண்ணீர் குடித்ததாக இருந்தது. சிறுநீராக வெளியே வந்ததோ ஒரு டம்ளர்கூடத் தேறாது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு வார்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். நாத்தனார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்துப்போய் வாஷ்பேசினில் கொட்டினாள். காலி டம்ளரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து, குடித்தாயிற்று என்று நர்ஸிடம் சொன்னாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

நாத்தனாரை வெளியே அனுப்பிவிட்டு, பன்னிரண்டு மாணவிகளையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தினேன். மொழிபெயர்ப்பாளரை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல கனத்த ஆண் குரல். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டில் யாராவது தடுக்கிறார்களா, உங்கள் பழக்கத்தில் ஏதாவது விலக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்கவைத்தேன். அவள் மாணவிகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு ஃபோனைப் பார்த்தாள். தாகமில்லை என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனாருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை என்று மாணவிகளுக்கு விளக்கினேன். எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கே தலைமை நர்ஸிடம் பேசி, நாத்தனார் வார்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவும் வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சிறுநீரகம் மோசமாகிவிட்டது, நாளைக்கு ஆபரேஷன் கிடையாது, இப்படியே போனால் முறிந்த காலைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருக்காது என்றார். டிரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டாராம். குடிக்கவைப்பது உங்கள் பொறுப்பு என்றார். தடுக்க ஆளில்லாத இந்த இரண்டு நாளில்தான் அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்போதும் என் புத்தி நாத்தனாரிடமே போயிற்று. யார் மூலமாகவோ சொல்லி அனுப்பிக் குடிக்கவிடாமல் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாளாக ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று வாட்ச்மேன் சொன்னார். பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளும் உத்தேசத்தோடு இறங்கிப் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"மத்தியானத்துக்கு மேல பெட்பேன் யாரு வைக்கிறாங்க, டீச்சர்?"

படுத்தபடியே சிறுநீர் கழிக்க அந்தப் பாத்திரத்தை வைக்க, காலையில் ஆயா இருப்பாள். பன்னிரண்டு மணிக்குச் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிய பிறகு, மறுநாள் காலைவரைக்கும் ஆண் ஊழியர்தான். ஆள் பற்றாக்குறை. வருஷக்கணக்காக அப்படித்தான் நடக்கிறது, எனக்கும் நன்றாகத் தெரியும். சொன்னேன்.

"விடிஞ்சதும் ரெண்டு டம்ளர் குடிப்பா. நான் ஓடிப்போய் ஆயாவைக் கூட்டிட்டு வருவேன். அதுக்கு மேல குடிச்சா மத்தியானம் அந்த ஆளைத்தான் கூப்பிடணும். மிச்சத்தைக் கொட்டிடுன்னு கெஞ்சினா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா. இப்போ நானும் இல்ல. ஆயாவைக் கூப்பிடக்கூட அவளுக்கு வார்த்தை தெரியாதே."

அப்போதும் தொழில் புத்தி விடுகிறதா? இது உங்கள் பக்கத்துப் பழக்கமா என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல பழக்கம் எங்க வந்துச்சு? அந்தக் கட்டில்ல நீங்க படுத்திருந்தா குடிப்பீங்களா?"

மாட்டேன். செத்தாலும் மாட்டேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு பாடமும் படிக்க வேண்டியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

உத்தரவை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, நாத்தனாரைக் கையோடு வார்டுக்கு அழைத்துப் போனேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். மத்தியானத்துக்கு ஒரு பெண் ஊழியர் கிடைக்கும்வரை நானே வந்து பெட்பேன் வைக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டாள். நாத்தனார் நீட்டிய டம்ளரைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொல்கிறாள் என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"நீங்க வேண்டாமாம், டீச்சர். அதுக்கு அந்த ஆளே தேவலையாம். அவர் கூட்டம் சேர்க்கிறதில்லையாம்."

நான் திரைக்கு வெளியே போனேன். அதற்கப்புறம்தான் அண்ணி டம்ளரைக் கையில் வாங்கினாள் என்று நாத்தனார் பிறகு சொன்னாள்.