மூடிய கையும் பின்னல் நூலும்

தம்பி வந்த விஷயத்தை நேராகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஸ்கூல் வேன் சாவியை விரலில் சுழற்றினான். வெயிலைத் திட்டினான், டீசல் விலையைத் திட்டினான். கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடி, "இந்தத் தடவ போட்டிக்கு மச்சினனக் கூட்டிட்டுப் போலாமான்னு பாக்குறேன்க்கா" என்றான்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஏரியில் வருஷா வருஷம் நடக்கும் ஜோடித் தூண்டில் போட்டியில் அவனுக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்து அவள்தான் ஜோடி. மச்சினனுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியுமே தவிர மீன் பிடிக்கத் தெரியாது. அவனைச் சேர்க்கிறான் என்றால் காரணம் ஒன்றுதான். மேசைக்குக் கீழே, மடியில் மூடிக் கிடக்கிற அவளுடைய இடது கை.

"பேரு குடுத்துட்டியா?"

"இல்ல. சனிக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கு வா. இருட்டுற வரைக்கும் வீசுறேன். நூல்ல ஒரே ஒரு சிக்கு விழட்டும், உன் மச்சினன் பேரையே குடு. உப்புக்குச் சப்பாணியா என்னைச் சேத்துக்க வேணாம்."

"அக்கா, நான் அப்படிச் சொல்லல..."

"நீ எதையும்தான் சொல்லலையே. போ, ஸ்கூல் விட்டுருவாங்க."

போட்டியின் விதி கறாரானது. அவரவர் கம்பை அவரவர்தான் தொடலாம். ஜோடி ஆள் விரல் வைத்தாலும் இரண்டு பேரும் வெளியே. பக்கவாதம் வந்து இடது கை இறுகிப்போனதிலிருந்து ஏரிக்கரையில் நடந்ததோ வேறு. அவள் வீசுவாள், சிக்கு விழும், தம்பி தன் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவான். இந்த வருஷம் அவன் மீன் பிடித்தானோ இல்லையோ, அக்காவின் சிக்கை மட்டும் கூடை கூடையாகப் பிடித்தான்.

வினை அந்தப் பின்னல் நூலால் வந்தது. மெல்லியது, உறுதியானது, ஒற்றைக் கையால் வீசினாலும் தூரம் போகும் என்று தம்பிதான் ஆசையாக வாங்கித் தந்தான். பழைய நைலான் நரம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் மன்னித்துவிடும். பின்னல் நூல் மாமியார் ஜாதி, எதையும் மறக்காது. சுற்றும்போது துளி தளர்ந்தால், தளர்ந்த சுற்று ரீலுக்குள் ஒளிந்து கிடக்கும். அடுத்த வீச்சில் பக்கத்துச் சுற்றுகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொத்தாக வெளியே வரும்.

தடுக்கும் வழி அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீசி முடித்ததும், நூல் ஓடுவதற்காகத் திறந்துவிட்ட ரீலின் வளைகம்பியை, கைப்பிடியைச் சுழற்றி மூடக் கூடாது. கையால் மூட வேண்டும். மூடியதும் நூலை ஒரு இழு இழுத்து இறுக்கிவிட்டு, இறுக்கம் குறையாமல் சுற்ற வேண்டும். ஒரு கை கம்பைப் பிடிக்கும், மறு கை மற்றதைச் செய்யும். சொல்கிறவர்கள் எல்லாருக்கும் இரண்டு கை இருந்தது.

அன்று சாயங்காலமே கடைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கிய முற்றத்தில் வேலையைத் தொடங்கினாள். தம்பி ரீலில் நூலை விளிம்பு வரை திணித்து வைத்திருந்தான். தளும்பத் தளும்ப ஊற்றினால் சிந்தாமல் என்ன செய்யும்? நூல் முழுவதையும் உருவினாள். வழுக்குகிற உலோகத்தில் பின்னல் நூல் நிற்காமல் சுழலும் என்று அடியில் துணி டேப் ஒட்டினாள். விளிம்பு தெரிகிற அளவோடு திரும்பச் சுற்றிக்கொண்டாள். கண்ணாடி சுமக்கிற ஆட்களின் தோல் பட்டையை இடுப்பில் கட்டி, அதன் பைக்குள் கம்பின் அடியைச் செருகினாள். கம்பை இடது முன்கையின்மேல் கிடத்தி ஒட்டுப்பட்டையால் கட்டினாள். வலது கை விடுதலை. வளைகம்பியை இப்போது கையால் மூட முடிந்தது.

ஆனால் வலது கை கைப்பிடியைச் சுற்றப் போய்விட்டால் நூலை இறுக்கிப் பிடிப்பது யார்? உதட்டால் கவ்விப் பார்த்தாள். நூல் உதட்டைக் கீறியது.

கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "பல்லால கடிச்சுப் பாரேன். பல்லும் போச்சுன்னா நிம்மதியா கஞ்சி குடிக்கலாம்."

"உங்க வேலையப் பாருங்க."

"பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று முனகிவிட்டு உள்ளே போனார். போனவர் ரத்தத்தைத் துடைக்கத் துணியோடு திரும்பி வந்தார். அது வேறு கதை.

செவ்வாயும் போனது, புதனும் போனது. நூலைத் தோளில் அழுத்தினாள், முழங்காலில் அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் ரீலில் நூல் பொதபொதவென்று படிந்தது. வியாழக்கிழமை பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைக் கழுவினாள். இடது கையையும் கழுவினாள். நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்க, கைப்பயிற்சி தரும் பெண் ஒரு துணிச்சுருளை எப்போதும் அதற்குள் செருகி வைக்கச் சொல்லியிருந்தாள். அந்த ஈரச் சுருளோடேயே மறுபடி கம்பைக் கட்டிக்கொண்டாள்.

சுற்றும்போது நூல் தவறிப்போய் அந்த மூடிய கைக்குள், சுருளுக்கும் விரலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. சனியனே என்று ஆத்திரத்தில் கைப்பிடியை வேகமாகச் சுற்றினாள். நூல் வெளியே வரவில்லை. நிற்கவும் இல்லை. ஈரத் துணியில் உரசி, தண்ணீரைப் பிழிந்துகொண்டு, ஒரே சீராக ஓடியது. குனிந்து ரீலைப் பார்த்தாள். சுற்றுகள் கல்லுமாதிரி இறுகிப் படிந்திருந்தன.

எத்தனையோ மாதமாக எல்லோரும் திற, திற என்று கெஞ்சிய கை. அவள் அதை முகத்தருகே தூக்கி வைத்துக்கொண்டாள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்னடி உனக்கு?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நூலை இழுத்துப் பார்த்தார், இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார். அவரிடம் கேலி தீர்ந்துபோய் அன்றுதான் அவள் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காற்று முரடாக இருந்தது. தம்பி பத்தடி தள்ளி நின்று தானும் வீசினான், ஆனால் கண்ணெல்லாம் இங்கேதான். அவள் வலது கையால் வீசினாள். கம்பை இடுப்புப் பையில் செருகி முன்கையில் கட்டினாள். வளைகம்பியைக் கையால் மூடினாள். நூலை எடுத்து மூடிய கைக்குள் செருகி, ஒரு இழு இழுத்துவிட்டுச் சுற்றினாள். மெதுவான வேலை. பதறாத காரியம் சிதறாது. வீசினாள், சுற்றினாள், மறுபடி வீசினாள். நடுவில் தம்பியின் ரீலிலேயே ஒரு சிக்கு விழுந்தது. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு ரகசியமாக எடுத்ததை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

சூரியன் இறங்கும் நேரம். அவள் கம்பைக் கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் காற்று ஒரு சுழற்று சுழற்றி நூலைத் தூக்கிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. அடுத்த வீச்சில் நூல் நுனியில் கட்டிய பொய்மீன் பாதி தூரத்தில் சொடுக்கி நின்றது. ரீலின் வாயில் ஒரு பிடி அளவுக்குக் கொத்தாகச் சிக்கு.

தம்பி அதற்குள் பக்கத்தில் வந்திருந்தான். "காத்துக்கா, காத்து. இத கணக்குல சேக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே ரீலுக்குக் கை நீட்டினான்.

"கைய எடு."

"நான் எடுத்துக் குடுக்குறேன்..."

"சிக்கு சிக்குதான். நான் தோத்துட்டேன், உன் மச்சினன் பேரக் குடு. ஆனா கம்பு என்னோடது. தொடாத."

கரைக் கல்லில் உட்கார்ந்தாள். துணிச்சுருளை உருவிவிட்டு, சிக்கை மூடிய கையின் இடுக்கில் பொருத்தினாள். ஆடாமல் பிடித்துக்கொண்டது. சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிப் பல்லால் திறந்தாள். இழுத்தால் இறுகும், எனவே எதையும் இழுக்கவில்லை. மேலே கிடந்த கண்ணியை மட்டும் ஊக்கு முனையால் நெம்பினாள். அது கொஞ்சம் விட்டது. அடுத்ததைத் தேடினாள். தோற்றுவிட்ட எரிச்சலிலும் விரல் நிதானமாக இருந்தது.

தம்பி உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி குனிந்து பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். அவள் நிமிர்ந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது.

"தோத்துடுவோம்னு மச்சினனச் சேக்கலக்கா. தோக்குறது எனக்குப் புதுசா? நீ இப்படி ஒத்தக் கையோட மல்லாடுறத, தொடாம, பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. அந்தப் போட்டி விதி வேற தொடவே கூடாதுங்குது."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் தன் கையைச் சந்தேகப்பட்டான் என்று எண்ணியிருந்தாளே. இவனுக்கு இவன் மனசுதான் பிரச்சினை. அப்புறம் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"நிக்கப் பழகு" என்றாள். "இந்தக் கையோட இருக்க நான் பழகலையா? நிக்கிறது ஒண்ணுதானடா உனக்கு வேலை. அதக்கூடச் செய்ய மாட்டியா?"

அவன் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றான். ஒருமுறை அவள் கையிலிருந்து ஊக்கு நழுவிக் கல்லிடுக்கில் விழுந்தது. அவன் முட்டி மடங்கியது, திரும்ப நிமிர்ந்தது. அவளே குனிந்து தேடி எடுத்தாள். கடைசிக் கண்ணி கழன்றபோது எதிர்க்கரை மங்கத் தொடங்கியிருந்தது. நூல் ஓரிடத்தில் பிசிறியிருந்தது, அவ்வளவுதான். அவள் எழுந்து அதே நூலை வீசினாள். மூடினாள், செருகினாள், இறுக்கினாள், சுற்றினாள்.

முதுகுக்குப் பின்னால் தம்பி போனில் பேசுவது கேட்டது.

"மாப்ள, போட்டிக்கு நீ வர வேணாம். அக்காதான் வராங்க... ஆமா, சிக்கு விழுந்துச்சு. இல்லடா, நான் தொடவே இல்ல. அவங்களே எடுத்துட்டாங்க. நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."