ஒரு கையைத்தான் பார்க்க வேண்டும்

தூசிக்குள் இரண்டு கைகள், விரல்கள் மெல்ல மடங்கி மடங்கி வா வா என்கின்றன, முகத்தைக் காணோம், கைகள் மட்டும்தான், நான் டாங்கியின் முன்வாயில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கழுத்தளவு இரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறேன், சங்கிலிச் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் இரண்டு லீவர்கள், முதுகுக்குப் பின்னால் இஞ்சின் உறுமுகிறது, எந்த ஊர் ரயில் நிலையம் இது, ராஜஸ்தான் என்பது மட்டும் தெரிகிறது, பல்லிடுக்கில் மணல் நறநறக்கிறது, எதிரே மொட்டையாக நீண்டு கிடக்கிற சரக்கு வேகனில் வண்டியை ஏற்ற வேண்டும், வேகனைவிட வண்டி அகலம், ஏறியபின் சங்கிலிகள் இரண்டு பக்கமும் அந்தரத்தில் பிதுங்கி நிற்கும், ஒரு சாண் தப்பினால் வண்டியும் நானும் தண்டவாளத்தில் கிடப்போம், அதற்கு முன்னால் அவன் கிடப்பான், ஏனென்றால் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரன் வண்டிக்கு முன்னால் வேகனின்மேல் பின்பக்கமாகவே நடந்துபோகிறான், அவன் பெயர் ஞானதிரவியம், எங்கள் டாங்கியின் பீரங்கிக்காரன், ஊர் சாத்தான்குளம், நான் வேலூர்ப் பக்கம், ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து ஒரே தட்டில் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றவர்கள்.

இந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு, முன்னால் ஒருவன் நின்று கை காட்டாமல் டாங்கி நகரக்கூடாது, அவன் ஒரு கையை முஷ்டியாக மடக்கினால் அந்தப் பக்கத்துச் சங்கிலி நிற்க வேண்டும், மறு கையால் அழைத்தால் அந்தப் பக்கம் மட்டும் ஓட வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை காட்டினால் யார் பேச்சையும் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும், அன்றைக்கு அப்படித்தான் ஆனது, புதிதாக வந்திருந்த லெஃப்டினன்ட் பையன், நல்லவன்தான், ஆர்வக்கோளாறு, ஓரமாக நின்று அவனும் கையை ஆட்டினான், பாதி வண்டி வேகனில், பாதி சாய்தளத்தில், நான் நிறுத்திவிட்டேன், எல்லோரும் கத்துகிறார்கள், ஞானம் மட்டும் தன் கைகளைக் கீழே போட்டான், ரெண்டு பேர் காட்டுனா அவன் வரமாட்டான் சாப், என்று சாத்தான்குளத்து இழுவையோடு இந்தியில் சொன்னான், லெஃப்டினன்ட் சிரித்துக்கொண்டே விலகியதும்தான் அந்தக் கைகள் மறுபடியும் எழுந்தன, வா வா, நான் போனேன், கிணற்றுக்குள் என்றாலும் அன்றைக்குப் போயிருப்பேன். வண்டியைக் கட்டி முடித்து டீ குடிக்கும்போது பார்த்தேன், அவனுக்கு முழங்கால் வெடவெடவென்று ஆடுகிறது, இன்னாடா இப்படி ஆடற என்றேன், ஏல, காலு நடுங்கலாம், கை நடுங்கப்பிடாது, கையத்தான நீ பாக்க, என்றான்.

கண்ணை மூடினால் இப்போதும் அந்த வண்டிகள் வரிசையாக வந்துவிடுகின்றன, மடித்த கட்டில் மாதிரி பாலத்தைத் தலையில் சுமந்துகொண்டு வருகிற டாங்கி, கால்வாய்த் தண்ணீரில் எருமை மாதிரி மூக்கை மட்டும் காட்டி நீந்துகிற காலாட்படை வண்டி, மணலில் புதைந்தவர்களை இழுத்துப்போட வருகிற மீட்பு வண்டி, அதற்கு ஞானம் வைத்த பெயர் தாய்மாமன், எல்லாவற்றுக்கும் கடைசியில் எங்கள் வண்டி, நெற்றியில் நான் வைத்த குங்குமமும் அதன் கீழே அவன் சாக்கட்டியால் போட்ட சிலுவையுமாக, என்னத் தொட்டதவிட அந்த இரும்பத்தான் இவரு தொட்டுத் தொட்டுத் தொடச்சிருக்காரு அண்ணாச்சி, என்று அவன் மனைவி கனகமணி சொல்லாத வருடம் இல்லை, இப்போதும் அதைத்தான் சொல்கிறாள், ஆனால் அழுதுகொண்டே சொல்கிறாள், இது ரயில் நிலையம் இல்லை, சாத்தான்குளத்தில் அவன் வீட்டுக் கூடம், ஞானத்துக்குப் பக்கவாதம், வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, பயிற்சியில் கால் ஊன்றும் அளவுக்குப் பலம் வந்துவிட்டது, ஆனால் அடியெடுத்து வைக்க மறுக்கிறார், இப்போது நடக்கவில்லை என்றால் பிறகு நாற்காலிதான், என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிவிட்டாள்.

வலது கையைத் துணியால் சேர்த்துக் கட்டிய சக்கர வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிறான், எவ்வளவு இளைத்துவிட்டான் என் ஞானம், அந்தப் பெண் ஒரு பக்கம், வலது காலத் தூக்குங்க சார் என்கிறாள், கனகமணி மறுபக்கம், இங்க வாங்க, என்னப் பாத்து வாங்க, மகன் ஜெபசிங் ஜன்னலோரம், யப்பா, இந்தப் பக்கம் வாங்கப்பா, எல்லோரும் கையை நீட்டி நீட்டி அழைக்கிறார்கள், அவன் அசையவில்லை, முடியல அண்ணாச்சி, மனசு விட்டுட்டாரு, என்கிறாள் கனகமணி, நான் அவன் கண்களைப் பார்க்கிறேன், விட்ட கண்கள் இல்லை அவை, ஒவ்வொரு கையாகப் பார்த்துப் பார்த்துத் திரும்புகின்றன, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, இவன் முடியாமல் நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறான். எல்லாரும் கைய கீழ போடுங்கம்மா, யாரும் பேசாதீங்க, என்றேன், அந்தப் பெண்ணை மட்டும் அவன் முதுகுக்குப் பின்னால், அவன் பார்வையில் படாமல் நிறுத்தினேன், அவனுக்கு நேர் எதிரே போய் நின்றேன், கூடத்துத் தரை வேகன் மாதிரியே நீண்டு கிடக்கிறது.

கைகளை உயர்த்துகிறேன், வலது கையை மடக்கி முஷ்டியாக்கி அவனுடைய நல்ல காலை நிறுத்திவைக்கிறேன், இடது கையால் அவனுடைய வலது காலை அழைக்கிறேன், விரல்கள் மெல்ல மடங்கி மடங்கி, வா வா, அவன் என் கையையே பார்க்கிறான், பாதம் தரையை உரசுகிறது, நகர்கிறது, நான் பின்னால் ஓரடி வைக்கிறேன், கை மாற்றுகிறேன், நல்ல கால் வருகிறது, மறுபடியும் அந்தக் கால், கண்ணீர் மறைக்கிறது, துடைக்க முடியாது, கையை எடுத்தால் அவன் நின்றுவிடுவான், என் முதுகு சுவரில் இடிக்கும்வரை வந்துவிட்டான், வாக்கர் என் வயிற்றில் முட்டுகிறது, இரண்டு முஷ்டியையும் மடக்கி வண்டியை நிறுத்துகிறேன், மூச்சு வாங்க அவன் என் முஷ்டிகளை உற்றுப் பார்க்கிறான், கோணிய வாய் திறந்து எத்தனையோ நாளாக வராத பேச்சு துண்டு துண்டாக வருகிறது, ஏல, கை, நடுங்குதுல.