தீபத்துக்கு வந்து போகிறவர்

பெயர், தகப்பன் பெயர், படிப்பு எல்லாவற்றையும் அன்புச்செல்வி முத்து முத்தாக எழுதிவிட்டாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. சான்றிதழ் நகல்களுக்குப் பச்சை மைக் கையெழுத்து வாங்க அலைந்ததில் கால்தான் ஓய்ந்துபோயிருந்தது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. கிடைத்தால் கூலிக்குக் கடலை பறிக்கப் போக வேண்டாம். மகளைப் பத்தாவதோடு நிறுத்தவும் வேண்டாம்.

முன்னுரிமைக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"இதைச் சும்மா வுட்டீங்கன்னா மத்ததெல்லாம் எழுதினது வேஸ்ட்டும்மா," என்றார் வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடைக்காரர். "விதவை, கைவிடப்பட்டவங்க, எதுனா இருந்தா போடுங்க. போட்டி ஜாஸ்தி."

இருந்தது. அதைத்தான் ஏழு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் தசரதன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். இவளோ ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் மறுநாள், "ராத்திரி வந்துட்டு மொத பஸ்ஸுக்கே போய்ட்டாரு" என்று தெருவில் சொல்லிவிடுவாள். லட்சக்கணக்கில் ஜனம் மலை சுற்றுகிற ராத்திரியில் ஒருத்தன் வந்தானா இல்லையா என்று யார் கண்டது? கெட்டிக்காரப் பொய்தான். ஆனால் வருஷா வருஷம் அதைச் சுமப்பது அவளுக்கு அலுத்துவிட்டது.

'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று எழுதினாள். அதற்கு ஊர் வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும்.

வி.ஏ.ஓ. சகாதேவன் நேர்மையானவர், அதுதான் தொல்லை. தெருவில் விசாரித்துவிட்டே வந்திருந்தார்.

"நான் எப்படிம்மா எழுதித் தர்றது? தீபத்துக்குத் தீபம் அவர் வந்துட்டுப் போறார்னு பக்கத்து வீட்டு பச்சையம்மாளே சொல்றாங்க. அவங்களைக் கூட்டியாங்க, பாக்கலாம். நாளைக்குக் கடைசி நாள்."

தன் பொய்யே தன் கழுத்தைப் பிடித்துவிட்டது. பாவம், பச்சையம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை; கேட்டதை நம்பினாள். இனி அவள் முகத்துக்கு நேரே உடைக்க வேண்டும். நினைத்தாலே உடம்பு கூசியது.

"அக்கா, ஆபீசு வரைக்கும் ஒரு எட்டு வர்றியா?" என்று மட்டும் கேட்டாள். எதற்கென்று சொல்ல வாய் வரவில்லை. பச்சையம்மாளும் கேட்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஆபீசில் சிட்டா வாங்க வந்த ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க அன்புச்செல்விக்குத் தெம்பில்லை.

"அவரு வர்றதில்லீங்க," என்றாள். "எந்தத் தீபத்துக்கும் வரல. நானாத்தான் சொல்லிக்கினேன்."

சகாதேவன் பேனாவை எடுத்தார். "எப்போலேர்ந்து?"

சொல்ல வாயைத் திறந்தாள்.

"தொண்ணூறாம் வருசங்க, ஏழு வருசமாச்சு. ஆடி மாசம், மூணாவது வெள்ளி," என்றாள் பச்சையம்மாள், தரையைப் பார்த்தபடி. "அம்மனுக்குக் கூழ் ஊத்தின அன்னிக்கு. பையத் தூக்கிக்கினு போனாரு. அதோட சரி."

அன்புச்செல்வி திரும்பி அவளைப் பார்த்தாள்.

சகாதேவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இவ்ளோ தெரிஞ்சிருந்தும், வந்துட்டுப் போறார்னு எங்கிட்ட ஏம்மா சொன்னீங்க?"

"அவளே சொல்லாதப்ப," என்றாள் பச்சையம்மாள், "நான் எப்பிடிங்க சொல்றது?"