எல்லாவற்றுக்கும் ஓகே சொன்ன ஃபோன்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவிடமிருந்து சுட்டது. "எங்கயும் எழுதித் தொலைக்காதடி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். எழுத்தாளரிடம் போய்ச் சத்தியம் வாங்குகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘ஸ்மார்ட்ஃபோன் என்ற சொல்லே புதிதாக இருந்த அந்நாளில், மனிதகுலம் தன்...’

(வேண்டாம். மனிதகுலத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது: அக்கா ஒரு ஃபோன் கம்பெனியில் ஃபர்ம்வேர் எழுதினாள். ஃபோனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள் அது. விற்பனைக்கு வராத சோதனை ஃபோன் ஒன்று அவள் மேசையில் கிடக்கும். மெசேஜ் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டு, வருகிற மெசேஜுக்கெல்லாம் தானாகவே ‘ஓகே’ அனுப்பும்படி செய்துவைத்தாள்.

(அடிக்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று மேனேஜர் கேட்டதற்கும் அது ஓகே சொன்னது. போனாள்.)

ஒருநாள் மீட்டிங் முடிந்து வந்து பார்த்தால் திரையில், ‘நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?’ அதற்குக் கீழே ‘ஓகே’. கேட்டவர் பக்கத்துப் பிரிவு. ஃபோன்களைக் கீழே போட்டு உடைகிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். இப்போது என் அத்தான்.

"வாயெல்லாம் பல்லா நிக்கிறாருடி. நான் சொல்லல, ஃபோன்தான் சொல்லுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"ஃபோன் சொல்லலேன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

"யோசிச்சிருப்பேன்."

அது தெரிந்தால் மனுஷன் நொறுங்கிப்போவார் என்று இத்தனை வருஷமாக வாயைத் திறக்காமல் இருக்கிறாள்.

3

இங்கேதான் கதை இடறுகிறது. அக்காவிடம் சொந்த ஃபோனும் இருந்தது, அந்த எண் அத்தானுக்குத் தெரியும். பிறகு ஏன் சோதனை ஃபோனுக்கு அனுப்பினார்? வாசகர் கேட்பார். (நீங்கள் கேட்கவில்லை, தெரியும். மரியாதைக்குச் சொன்னேன்.) ‘அவசரத்தில் எண் மாறி...’ என்று எழுதி ஒப்பேற்றப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அத்தானிடமே கேட்டுவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"முந்தின நாள் அந்த ஃபோனுக்கு, நிலா சதுரமான்னு அனுப்பிப் பாத்தேன். ஓகேன்னு வந்துச்சு."

மறுநாள் காலை புது ஃபர்ம்வேர் ஏற்றியதில், அக்கா கண்ணில் படாமலே அந்த நிலா அழிந்துபோயிற்றாம்.

"அப்போ தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"அவ யோசிச்சா நான் தேற மாட்டேன்மா. அன்னைக்கு அவ வந்து இல்லேன்னு சொல்லிடுவான்னு பயந்துக்கிட்டே சிரிச்சிட்டு நின்னேன். சொல்லவே இல்ல. நீயும் சொல்லிடாத. ஏமாத்திக் கட்டிக்கிட்டேன்னு நினைப்பா."

4

முடிவு அ: இருவரும் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: அக்கா யோசிக்க ஆரம்பிக்கிறாள்.

முடிவு இ: இருவரும் சேர்ந்துகொண்டு என்னை...

ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் போட்டி போட்டு நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உண்மை தெரிந்தபின் அந்த நல்லதனம் மிஞ்சுமா என்று பயமாகவும் இருக்கிறது.

இப்போது அடுத்த அறையில் இருவரும் தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். "நீங்க உக்காருங்க", "நீ உக்காரு" என்று சண்டை நடக்கிறது. இந்தத் தாள்களோடு கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

முழுக்கப் படித்துவிட்டீர்கள் அல்லவா, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். யாரிடம் முதலில் என்பதும் உங்கள் பாடு. நான் செருப்பை மாட்டிவிட்டேன்.